பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே விடுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. அவன் மகள் பி.எஸ்சி. விவசாயம் இறுதியாண்டு படிக்கிறாள். கிராமத்தில் போய்த் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். "டீச்சர், தெரியாத ஊர்ல பொட்டப்பிள்ளை எப்படி இருக்கும்? எங்க மச்சான் தோட்டத்துல வேலை பார்த்ததா ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்தா ஆகாதா? நீங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும்" என்றான்.

இரண்டு நாள் கழித்து என் ஒன்றுவிட்ட தங்கை கூப்பிட்டாள். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். "அக்கா, இன்டர்ன்ஷிப்னு பணம் கட்டச் சொல்றாங்க. வீட்டுல இருந்தே பண்ணலாமாம், கடைசியில சர்டிபிகேட் வந்துருமாம். கட்டலாமா?" என்றாள்.

இரண்டு பேருக்கும் போனிலேயே பதில் சொன்னேன். ஆனால் இந்தக் கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். உங்கள் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. கல்லூரிப் பாடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் எங்கே வந்து இறங்குவார்கள்? எங்களைப் போன்ற ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்து வாசலில்தான். அவர்களுக்குத் தங்க வகுப்பறை ஒழித்துக் கொடுத்தவள், சத்துணவுக்கூடத்து அண்டாவை இரவல் வாங்கிக் கொடுத்தவள், கிளம்பிப் போன பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தவள் என்ற முறையில் சில விஷயங்கள் எனக்குத் தெரியும்.

முதலில் என்.எஸ்.எஸ். முகாமைச் சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டு வருடத்தில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கி முகாம் நடத்த வேண்டும். எங்கள் பள்ளியில் என் காலத்தில் இப்படிப் பல முகாம்கள் நடந்தன.

ஒரு வருடம் வந்த குழு பெரிய குழு. பெரிய பேனர், ஒரே மாதிரி பனியன், தினமும் போட்டோ. நூற்றுக்கணக்கில் மரக்கன்று நட்டார்கள். கன்றுக்கு வேலி இல்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அவர்கள் பஸ் ஏறிய மறு வாரமே ஆடுகள் வந்து முகாமின் நிறைவு விழாவை நடத்தி முடித்துவிட்டன. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நடச் சொன்னார்கள், நட்டார்கள். நட்டது பிழைத்ததா என்று அவர்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு வருடம் வந்த குழு சின்னது. இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அவர்களை அழைத்து வந்த பேராசிரியர் முதல் நாள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஊர்ல தினமும் உங்களுக்குத் தொந்தரவா இருக்கிறது எதும்மா?" நான் பள்ளி வாசலில் இருந்த அடிபம்பைக் காட்டினேன். சிந்தும் தண்ணீர் எல்லாம் அங்கேயே தேங்கிச் சேறாகிக் கிடக்கும். கொசு, நாற்றம், பிள்ளைகள் வழுக்கி விழுவது எல்லாம் உண்டு.

உறிஞ்சுகுழி வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். அடியில் பெரிய கல், அதற்கு மேல் உடைகல், அதற்கு மேல் ஜல்லி, மணல். புத்தகத்தில் இருப்பதை நோட்டில் அழகாகப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஒன்றரை நாள் தோண்டினார்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கைகள். கொப்பளம் வந்து துணி சுற்றிக்கொண்டு தோண்டினார்கள். அந்த நேரம், ஊரில் கிணறு வெட்டுகிற பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே, "இது களிமண்ணு தம்பி. கல்லைப் போட்டு மூடினாலும் தண்ணி உள்ள இறங்காது. அந்த வேலியோரம் சரளை இருக்கு, அங்க வெட்டணும்" என்றார்.

பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒன்றரை நாள் உழைப்பு அல்லவா? "பெரியவர் சொல்றது சரியான்னு நீங்களே பார்த்துக்கங்க" என்று பேராசிரியர் விட்டுவிட்டார். ஒரு பையனுக்கு யோசனை வந்தது. வேலியோரத்தில் அதேபோல் சின்னதாக ஒரு குழி பறித்தான். தோண்டிய குழியின் அடியிலும் அதே அளவு இன்னொன்று. இரண்டிலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வேலியோரத்துக் குழி சற்று நேரத்தில் காலியாகிவிட்டது. இந்தப் பக்கத்துக் குழியில் சாயங்காலம் வரை தண்ணீர் முகம் பார்த்துக்கொண்டு நின்றது. மறுநாள் எல்லோரும் வேலியோரத்துக்கு மாறினார்கள். அடிபம்பிலிருந்து அங்கே வரை சின்ன வாய்க்காலும் கட்டினார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் குழி வேலை செய்தது. வருடம் ஒருமுறை மேல் மணலை மட்டும் மாற்றுவோம்.

இரண்டு முகாமுக்கும் கல்லூரியில் ஒரே மாதிரி சான்றிதழ்தான் கொடுத்திருப்பார்கள். எந்தப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போனார்கள் என்பது உங்களுக்கே தெரிகிறது.

இனி அந்தத் தம்பி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்குவதற்கு ஊரக வேளாண் பணி அனுபவம் என்று பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ராவே' என்பார்கள். 2015 இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கொண்டுவந்த 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற திட்டத்துக்குள் இதுவும் ஒரு பகுதி. பிள்ளைகள் குழுவாக ஓர் ஒன்றியத்தில் தங்கி, விவசாயிகளின் வயலுக்குப் போக வேண்டும். ஊரைச் சுற்றி நடந்து வள வரைபடம் வரைய வேண்டும். எந்த மாதம் எந்த வேலை என்று பருவகால அட்டவணை போட வேண்டும். செயல்விளக்கம் செய்து காட்ட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் தெருவுக்கு இப்படி நான்கு பெண் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்து வயல் ஒரு பாட்டியுடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு தானே நின்று விவசாயம் பார்க்கிற மனுஷி. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். நாற்று விட நெல் விதை எடுத்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகள், "பாட்டி, நல்ல விதையைப் பிரிச்சுக் காட்டுறோம்" என்று வாளியோடு வந்தார்கள்.

உப்புக் கரைசலில் விதை தேறுகிற முறை உங்களில் விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட வேண்டும். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். சுமார் ஒன்றரைக் கிலோ பிடிக்கும். முட்டை மேலே எழும்பி, அதன் தலை நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிகிறபோது நிறுத்திவிட வேண்டும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறை விதையும் மிதக்கும், கனமான விதை அடியில் தங்கும். மிதப்பதை அள்ளிவிட்டு, தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது வேறு. கடையில் வாங்கிவந்த முட்டையை வாளியில் போட்டார்கள். உப்பே போடவில்லை, முட்டை மிதந்துகொண்டு நிற்கிறது! நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். சுற்றி நின்ற என் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பாட்டி முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னைக்கு இட்ட முட்டையோ! பழைய முட்டைக்கு உப்பு எதுக்கு? அது சும்மாவே மிதக்கும்" என்று சொல்லி, வீட்டுக்குப் போய்க் காலையில் கோழி இட்ட முட்டையை எடுத்துவந்தார். அது கல் மாதிரி அடியில் போய்ப் படுத்தது.

முட்டை நாள் ஆக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும், எடை குறையும், அதனால் மிதக்கும். அடர்த்தி என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்திருப்பார்கள். பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். அந்தப் பாடத்துக்கும் வாளியில் மிதக்கிற முட்டைக்கும் உள்ள தொடர்பு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அடுத்த வேடிக்கை நாலணா. 25 காசு 2011 இலேயே செல்லாமல் போய்விட்டது. என் பள்ளிப் பிள்ளைகள் "நாலணான்னா எவ்வளவு பெருசு டீச்சர்?" என்று கேட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் கையேட்டில் இருந்ததைத்தான் சொன்னார்கள், காசு கைவசம் இல்லை. பாட்டி சுருக்குப்பையைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார். அவரிடம் இல்லாத பொருள் இல்லை!

பிறகு அசோஸ்பைரில்லம் நேர்த்தி. அந்த நுண்ணுயிர் உரத்தை ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்த வேண்டும். பாட்டி விடவில்லை. "ஏன் ஆறின கஞ்சி? சூடா இருந்தா நல்லா ஒட்டுமே?" என்றார். ஒரு பிள்ளை "நுண்ணுயிரிகளின் வெப்பநிலை..." என்று ஆரம்பித்தாள். பாட்டிக்குப் புரியவில்லை. இன்னொரு பிள்ளை, அதுவரை வாய் திறக்காமல் பின்னால் நின்றவள், முன்னால் வந்தாள். "பாட்டி, கொதிக்கிற பால்ல உறை ஊத்துவீங்களா?" என்று கேட்டாள். "அது எப்படி? தயிரு திரிஞ்சு போகுமே" என்றார் பாட்டி. "இதுவும் உறை மோர் மாதிரிதான் பாட்டி. இதுக்குள்ள உயிர் இருக்கு, சூடு பட்டா செத்துப்போகும்." பாட்டி ஒரு நிமிடம் அந்தப் பிள்ளையையே பார்த்தார். "அப்படிச் சொல்லு! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

நாற்பது வருடத்துக்குப் பக்கமாக வாத்தியார் வேலை பார்த்தவள் நான் சொல்கிறேன், அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பிள்ளை அந்த நிமிடம் அந்த மனுஷிக்காக யோசித்துக் கண்டுபிடித்தது. படித்ததை இன்னொருவருக்குப் புரியவைக்க வேண்டிய கட்டாயம் வந்தால்தான் நமக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரியும்.

கதை அதோடு முடியவில்லை. பாட்டி பாதி நாற்றங்காலில்தான் நேர்த்தி செய்த விதையை விதைத்தார். மீதிப் பாதியில் தன் வழக்கப்படி விதைத்தார். "ரெண்டையும் வந்து பாருங்க, நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓடிவந்து பார்த்தார்கள். மழை பெய்த அன்றும் வந்தார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டியின் ஒரு போக விதை அவர்கள் சொன்ன சொல்லில் கிடக்கிறது. முளைக்காவிட்டால் பாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பயம்தான் அவர்களை நடக்கவைத்தது. நேர்த்தி செய்த பக்கம் சீராக முளைத்து வந்தது. அதன் பிறகு அந்த நான்கு பேரும் தெருவில் நடந்த நடையே வேறு.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு கணக்கு மனதில் உண்டு. வெளியே போய் வேலை பார்ப்பது படிப்பாக வேண்டுமென்றால் மூன்று விஷயம் வேண்டும்.

ஒன்று, அந்தப் பிள்ளையின் வேலைக்காக யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும். பாட்டி காத்திருந்தார். மரக்கன்றுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

இரண்டு, செய்தது சரியா தப்பா என்று அந்தப் பொருளே சொல்ல வேண்டும். களிமண் தாட்சண்யம் பார்க்காது. முட்டை யாருக்காகவும் அடியில் போய் உட்காராது. வகுப்பில் 35 வாங்கினால் பாஸ். வெளியே நூற்றில் 35 விதை முளைத்தால் அந்தப் போகமே போச்சு.

மூன்று, அன்று நடந்ததை அன்றே உட்கார்ந்து எழுதி, தெரிந்தவர் ஒருவரோடு பேச வேண்டும். இது இல்லாவிட்டால் அனுபவம் வெறும் களைப்பாகப் போய்விடும்.

மூன்றாவதை நான் என் பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் பாதிப் படிப்பே கற்பித்தல் பயிற்சிதான். முந்தின நாள் பாடக்குறிப்பு எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். மறுநாள் நிஜமான பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். கடைசி வரிசையில் விரிவுரையாளரும் உடன் படிக்கிறவர்களும் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து, எந்த இடத்தில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் கண் மலர்ந்தது என்று பேசுவோம். குழந்தை உளவியல் புத்தகம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. வகுப்பு எடுக்கக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாயங்காலங்கள்தான்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்ததும் இல்லை. 1937 இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் வர வேண்டும் என்பது அதன் கருத்து. பாடத்திட்டம் எழுதிய குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர், பின்னாளில் நம் குடியரசுத் தலைவர் ஆனவர். அந்த வழியில் வந்த டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 இல் நம் திண்டுக்கல் பக்கத்திலேயே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த ஊரக நிறுவனம் 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே படிக்கிற பிள்ளைகள் கிராமத்தில் போய்த் தங்குவது படிப்பின் ஒரு பகுதி.

மற்றப் படிப்புகளிலும் இது உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். சேர்கிற பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தங்கவைக்கிறார்கள். இப்போது நாடு முழுவதும் மருத்துவ மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிக்கிற காலம் முழுவதும் அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் டிப்ளமோ என்று மூன்றரை வருடப் படிப்பு இருக்கிறது. நடுவில் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போய் மாதக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வருவார்கள். அப்ரென்டிஸ் சட்டம் 1961 லிருந்து இருக்கிறது. 1973 இல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். அதில் பயிற்சிக்குச் சேர்ந்தால் அவர்கள்தான் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும்.

பி.காம். படிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் தமிழ்நாட்டில் 1989 இல் தருமபுரியில் தொடங்கி இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எத்தனையோ குழுக்களில் கணக்கு நோட்டு எழுதத் தடுமாறுகிறார்கள். ஒரு பி.காம். பிள்ளை வாரம் ஒருநாள் போய் அந்த நோட்டைச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். ஐம்பது ரூபாய் இடித்தால் பதினைந்து பெண்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய ஆடிட் பரீட்சை கிடையாது. தமிழ் படிக்கிற பிள்ளை தன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து தாலாட்டையும் ஒப்பாரியையும் செல்போனில் பதிவு செய்து எழுதட்டும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி நான்கு வீடு ஏறி இறங்கினால் அகராதி எப்படி உருவாகிறது என்று தெரியும்.

இப்போது என் தங்கை கேட்ட சர்டிபிகேட் விஷயம். நம் சொந்தத்திலேயே ஒரு பையன் (பேர் சொன்னால் சண்டைக்கு வருவான்) இப்படிப் பணம் கட்டி ஒரு இன்டர்ன்ஷிப் முடித்தான். தங்க நிறத்தில் முத்திரை போட்ட சர்டிபிகேட். வேலைக்கு நேர்முகத் தேர்வில் அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பெரிய கேள்வி ஒன்றும் கேட்கவில்லையாம். "அங்கே நீ செய்ததில் சரியாக வராமல் போனது எது? அதை எப்படிச் சரிசெய்தாய்?" அவ்வளவுதான். அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் வீடியோ பார்த்தவனுக்கு என்ன தப்பாகப் போகும்? நல்ல பையன், புத்திசாலி. பிறகு ஒரு பட்டறையில் உண்மையாகவே ஆறு மாதம் இருந்து கற்றுக்கொண்டு இப்போது நன்றாக இருக்கிறான்.

அதனால் பணம் கட்டும் முன் இந்த நான்கையும் கேளுங்கள். பிள்ளைக்கு அங்கே வேலை சொல்லித்தரப் போகிற ஆள் யார்? அவர் பெயர் சொல்லத் தெரிகிறதா? தினமும் என்ன வேலை? செய்த வேலையை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? தப்பாகச் செய்தால் யார் திருத்துவார்கள்? இந்த நான்குக்கும் பதில் இல்லை, கட்டணம் மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால் அந்தப் பணத்தைப் பிள்ளையின் பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் ஒர்க்ஷாப்பிலோ ஆபீஸிலோ போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயம் எனக்குப் புரியும். நானும் தனியாகப் பஸ் மாறி, தெரியாத ஊர்ப் பள்ளிக்கு முதல் வேலைக்குப் போனவள்தான். பயப்படுவது தப்பில்லை. அந்தப் பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கல்லூரியில் கேளுங்கள். எங்கே தங்கப் போகிறார்கள்? கழிப்பறை, தண்ணீர் வசதி எப்படி? பொறுப்பு ஆசிரியர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? இருட்டிய பிறகு வெளியே போகிற வேலை உண்டா? உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் ஆஸ்பத்திரி எது? பதில் வாங்காமல் விடாதீர்கள். கேட்பது பெற்றோரின் உரிமை, ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை. ஆனால் "என் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை வேளாண்மை அலுவலராகத் தெரியாத ஊரில் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு முட்டை மிதந்தால் என்ன செய்வாள்?

அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். "உன் மச்சான் கையெழுத்து மதிப்பெண் வாங்கித் தரும் தம்பி. ஒரு விவசாயி அவள் பேச்சைக் கேட்டு விதை போடுகிற தைரியத்தை வாங்கித் தராது. நீயே ஒருநாள் அவளோடு போய் இடத்தைப் பார்த்துவிட்டு வா" என்றேன். "யோசிக்கிறேன் டீச்சர்" என்றான். நேற்று, மனைவியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போய்ப் பார்க்கப் போவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். முடிவு அவர்கள் வீட்டு முடிவு. போய்ப் பார்ப்பதே எனக்குச் சந்தோஷம்.

வேறொரு பக்கமும் இருக்கிறது. வீட்டில் கஷ்டம் என்பதால் சனி, ஞாயிறு பந்தி பரிமாறப் போகிற பிள்ளைகள், பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "அனுபவம் வேண்டும், ஒரு மாதம் சம்பளமில்லாமல் இரு" என்று சொல்வது நியாயமில்லை. ஐந்நூறு பேர் பந்தியில் எந்த வரிசைக்கு எப்போது சாம்பார் வர வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு நிர்வாகம் தெரியும். அதை அவனிடம் எடுத்துச் சொல்லி, எழுதவைத்து, படிப்போடு முடிச்சுப் போட ஓர் ஆசிரியர் வேண்டும். என் மாணவர்களில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வெளியே போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படிப்பதற்காக ஊர் ஜனங்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். களை எடுக்கிற நேரத்தில் போய் நாற்பது கேள்வி உள்ள தாளை நீட்டாதீர்கள். வீட்டு வருமானத்தையும் சாதியையும் நடுத்தெருவில் நின்று கேட்காதீர்கள். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கியமாக, நீங்கள் எழுதிய அறிக்கையில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைத் திரும்பி வந்து அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் கணக்கெடுத்துப் போனார்கள். திரும்பி வந்து சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கடைசியாக, என் பழைய மாணவர்களான உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறீர்கள். நர்சரி, அச்சகம், மருந்துக்கடை, மாட்டுப்பண்ணை நடத்துகிறீர்கள். வக்கீல் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், வி.ஏ.ஓ. இருக்கிறார். இந்த வருடம் ஒரே ஒரு கல்லூரிப் பிள்ளையை ஒரு மாதம் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை சொல்லிக்கொடுங்கள். டீ வாங்கிவர மட்டும் அனுப்பாதீர்கள். சின்னதாக இருந்தாலும் அவன் செய்து முடித்தால்தான் உங்கள் வேலை நகரும் என்கிற மாதிரி ஒன்றை அவன் கையில் கொடுங்கள். தப்பாகச் செய்தால் திட்டுங்கள், ஆனால் ஏன் தப்பு என்றும் சொல்லுங்கள். முடிந்தால் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுங்கள்.

யாரால் முடியும், எந்த ஊர், என்ன வேலை என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இடம் தேடுகிற பெற்றோரும் எழுதுங்கள். ஒருவரோடு ஒருவரைச் சேர்த்துவிடுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

அன்புடன்,
உங்கள் டீச்சர்